நாற்பதாம் பாத்திஹாவும் 96 பங்கும்

கேள்வி:

அஸ்ஸலாமு அலைக்கும் வக்கீல் மேடம். ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அத்தா மௌத்தாகி (இறந்து) 26 நாள் ஆகிறது. அம்மா இத்தாவில் (கணவரை இழந்த பெண் காத்திருக்கும் காலம்) இருக்கிறார். அண்ணன் துபாயிலிருந்து வந்திருக்கிறார், அடுத்த மாதம் லீவு முடிகிறது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வயதில் ஒரு மகன். தங்கைக்கு அத்தா இருக்கும்போதே நிச்சயம் செய்தாகிவிட்டது, நிக்காஹ் இன்னும் இரண்டு மாதத்தில். அத்தாவைப் பெற்ற நன்னிமாவும் எங்களோடுதான் இருக்கிறார். சில நாள் நினைவு தெளிவாக இருக்கிறது, சில நாள் இல்லை.

நாற்பதாம் பாத்திஹாவை (இறந்தவருக்காக நாற்பதாம் நாள் ஓதி விருந்து போடுவதை) ஊர் மெச்சச் செய்யணும், தம்பி கணக்கிலேயே பணம் இருக்கு என்கிறார் பெரியத்தா. அதெல்லாம் பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புது வழக்கம்), ஒரு ரூபாய் எடுக்க விடமாட்டேன் என்கிறார் அண்ணன். பேங்க் கணக்குக்கு அவர்தான் நாமினி. தங்கை கல்யாணச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இருவரும் வீட்டுக்கும் ஒன்றரை ஏக்கர் நஞ்சைக்கும் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுங்கள், பெண்பிள்ளைகளுக்கு நகையோடு கணக்கு முடிந்தது என்றும் சொல்கிறார். கடையை ஆஸ்பத்திரியில் வைத்து அத்தா தனக்கே கொடுத்துவிட்டதாகவும் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டில் "உங்க அத்தா சொன்ன 25 பவுன் என்னாச்சு" என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். இத்தா முடியும்வரை எந்தப் பேச்சும் வேண்டாம், கல்யாணத்தையும் தள்ளிப் போடுங்கள், என் மகனுடைய சுன்னத்தையும் தள்ளிப் போடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள்.

இன்னொன்று. அம்மாவின் மஹர் (நிக்காஹில் கணவர் மனைவிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது) 7 பவுன். அத்தா அதைக் கொடுத்ததே இல்லை. ஜனாஸாவை (அத்தாவின் உடலை) தூக்கும் முன் பெரியம்மா ஒருவர் "மஹரை ஹலாலாக்கிடு" என்றார், அதாவது மன்னித்து விட்டுவிடு என்று. அம்மா தலையை ஆட்டினார். அது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதை முதலில் செய்வது?

பதில்:

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. உங்கள் அத்தாவின் கபுரை அல்லாஹ் விசாலமாக்குவானாக.

"இன்னொன்று" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் செய்ய வேண்டியது அதுதான். உங்கள் வீட்டில் இப்போது ஆளாளுக்குப் பேசும் பாத்திஹா, பத்திரம், பவுன் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது அம்மாவின் மஹர்.

மஹர், கணவர் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய கடன். உயிரோடு இருக்கும்போது கொடுக்காவிட்டால் மௌத்துக்குப் பிறகு அவர் விட்டுப்போன சொத்திலிருந்து அதைத் தீர்க்க வேண்டும். முதலில் கபன் துணி, அடக்கச் செலவு. அடுத்துக் கடன்கள். வஸிய்யத் (உயில்) ஏதாவது சொல்லியிருந்தால் அப்புறம் அது, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல். அதற்கும் பிறகுதான் வாரிசுகளின் பங்கு. மளிகைக் கடைப் பற்று, உரக்கடை பாக்கி, சொசைட்டிக் கடன் எல்லாம் எந்த இடத்தில் நிற்கின்றனவோ அந்த இடத்தில்தான் அம்மாவின் 7 பவுனும் நிற்கிறது. நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, "எங்க அத்தா யாருக்காவது கொடுக்கல் வாங்கல் பாக்கி வச்சிருந்தா என்கிட்ட வந்து வாங்கிக்கிடுங்க" என்று சொல்கிறார். நல்ல வழக்கம். ஆனால் அதே நேரத்தில் வீட்டுக்குள்ளே, எல்லோரையும்விடப் பெரிய பாக்கிக்கு உரியவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மன்னித்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு இது ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

அம்மா தலையாட்டியதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். புருஷன் மய்யித்து கூடத்தில் கிடக்கும்போது, நாலு பேர் சொல்லக் கேட்டு ஒரு பெண் தலையாட்டினால் அது மனமொப்பிய மன்னிப்பு ஆகாது. கணவர் இறந்த துக்கத்தில் இருந்த மனைவி மஹரை விட்டுக்கொடுத்ததாகச் சொன்னது அவரைக் கட்டுப்படுத்தாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. அம்மாவுக்கு உண்மையிலேயே மன்னிக்க மனம் இருந்தால் அது அவர் உரிமை, யாரும் தடுக்க முடியாது. இத்தா முடிந்து, தெளிந்த மனதோடு, தன் கைப்பட எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு அவசரமே இல்லை. கேட்டு வாங்குவதானால் மௌத்தான நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். அதற்குள் வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது, நிக்காஹ் தப்தரை (ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டை) தேடுவது. பெண் ஊரில் நிக்காஹ் நடந்திருந்தால் அம்மாவின் ஊர் ஜமாஅத்தில் இருக்கும். பழைய தப்தர் என்றால் நீளவாக்கில் கட்டங்கள் போட்ட பெரிய புத்தகம். மணமக்கள் பெயர், அவர்களுடைய அத்தா பெயர், வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சி இரண்டு பேர், ஓதிவைத்தவர் கையெழுத்து, நடுவில் மஹர். மஹர் கட்டத்தில் ரொக்கமாக எழுதியிருக்கிறதா, பவுனாக எழுதியிருக்கிறதா, உடனே கொடுத்ததா, பின்னால் கொடுப்பதா என்று மூன்றையும் பாருங்கள். "7 பவுன்" என்று எழுதியிருந்தால் கொடுக்க வேண்டியதும் 7 பவுன்தான், அதாவது 56 கிராம் தங்கம். கல்யாணத்தன்று பவுன் என்ன விலை விற்றது என்று கணக்குப் போட்டு சில ஆயிரங்களை நீட்டுவதற்கு இடமில்லை. அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, முத்தவல்லியிடம் (ஜமாஅத் நிர்வாகியிடம்) கையெழுத்தும் முத்திரையும் போட்ட நகல் ஒன்றும் வாங்கிவிடுங்கள். பழைய தப்தர்கள் கரையான் அரித்தும் மழையில் நனைந்தும் போவது நம் பக்கம் சாதாரணம். இன்றே கேட்பது நல்லது.

சரி, பாத்திஹாவுக்கு வருகிறேன். நான் வக்கீல், ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) இல்லை. மூன்றாம் பாத்திஹா, ஏழாம் பாத்திஹா, நாற்பது, வருஷ பாத்திஹா என்று தலைமுறைகளாகச் செய்து வரும் குடும்பங்களும் உண்டு. அதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்று விட்டுவிட்ட குடும்பங்களும் உண்டு. இரண்டும் ஒரே தெருவில், சில சமயம் உங்கள் வீட்டைப் போல ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. யார் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்தப் பணத்தில் செய்வது என்பதைச் சட்டமும் சொல்கிறது, இரண்டு தரப்பு ஆலிம்களும் ஒன்றுபோலவே சொல்வார்கள். அடக்கம் முடிந்த பிறகு போடும் விருந்து அடக்கச் செலவில் சேராது. உங்கள் அத்தா கணக்கில் இருக்கும் பணம் இப்போது அத்தாவுடையது இல்லை, பெரியத்தாவுடையதும் இல்லை. அம்மாவின் மஹர் உள்பட எல்லாக் கடனும் போக மிச்சம் வாரிசுகளுடையது. அதில் ஒருவர் நன்னிமா. நினைவு வந்து வந்து போகும் ஒருவரிடம் "சரிதானே நன்னிமா" என்று கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. அவருடைய பங்கில் நாலு சஹன் (பெரிய தட்டு) சோறு போடுவதற்குக்கூட யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே பெரியத்தா செய்ய விரும்பினால் தன் பணத்தில் தாராளமாகச் செய்யட்டும். அம்மாவுக்கு ஆசை இருந்தால் அவர் கையிருப்பிலிருந்து, ஹஜ்ரத்தையும் நாலு ஏழைகளையும் கூப்பிட்டு, யாசீன் ஓதி, நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டு முடிக்கலாம். பண்டாரியைக் கூப்பிட்டு ஊருக்கே சமைத்தால்தான் துஆ சேரும் என்று எந்த கிதாபிலும் இல்லை. அண்ணனிடமும் ஒன்று சொல்லுங்கள். அவருக்கு அது பித்அத் என்றால் வந்து உட்கார வேண்டாம். ஆனால் இத்தாவில் இருக்கும் தாயின் முன்னால் நின்று அதைப் பற்றி வாதம் பண்ண வேண்டாம். நாற்பதாம் நாள் வாசலில் தொடங்கிய சண்டை பாகப்பிரிவினை வழக்காக என் மேசைக்கு வந்ததுண்டு. வழக்குக் கட்டைப் பிரித்தால் பாத்திஹாவைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

நாமினி என்பதால் அண்ணனும் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பேங்கில் பணத்தை வாங்குகிற கை மட்டும்தான் அவர். வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இனி பங்குக் கணக்கு. உங்கள் அத்தாவின் வாரிசுகள் ஐந்து பேர்: அம்மா, நன்னிமா, அண்ணன், நீங்கள், தங்கை. மகன் இருப்பதால் பெரியத்தாவுக்குப் பங்கில்லை. பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, அத்தாவின் தாயாருக்கு ஆறில் ஒன்று. மிச்சம் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் உங்கள் மூவருக்கும். மொத்தத்தை 96 பங்காக வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு 12, நன்னிமாவுக்கு 16, அண்ணனுக்கு 34, உங்களுக்கு 17, தங்கைக்கு 17. ஒரு பேச்சுக்கு, கடனெல்லாம் போக 48 லட்சம் மிஞ்சுகிறது என்றால் அம்மாவுக்கு 6 லட்சம், நன்னிமாவுக்கு 8, அண்ணனுக்கு 17, உங்கள் இருவருக்கும் ஆளுக்கு எட்டரை. இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலரும் கேட்பது, "மாமியாருக்கு மருமகளைவிட அதிகமா?" என்றுதான். இங்கே அப்படித்தான் வருகிறது. அம்மாவுக்கு மஹர் தனியாக உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அதனால்தான் அதை முதலில் பிடித்தேன்.

நன்னிமாவின் பங்கைத்தான் பெரும்பாலான வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது மனைவி, பிள்ளைகள் பெயரைப் போட்டுவிட்டுத் தாயார் பெயரை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், பின்னால் பத்திரமே கேள்விக்குள்ளாகும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாகம் பிரிக்காமலே இழுத்துக்கொண்டு போய், நன்னிமாவும் மௌத்தாகிவிட்டால், அவருடைய 16 பங்கு உயிரோடு இருக்கும் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அதாவது பெரியத்தாவுக்கும், மாமிமார் இருந்தால் அவர்களுக்கும். முன்னாலேயே இறந்துபோன மகனின் பிள்ளைகளான உங்களுக்கு அதில் வராது. இன்று உங்கள் வீட்டில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லாத பெரியத்தா, நாளைக்கு ஆறில் ஒரு பங்கில் பங்காளியாகிவிடுவார். பெரியத்தாவை நான் குறை சொல்லவில்லை, சட்டம் அப்படி. நன்னிமா விரும்பினால் தன் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்கு ஹிபாவாக (அன்பளிப்பாக) கொடுக்கலாம், அல்லது தன் சொத்தில் மூன்றில் ஒன்றுவரை வஸிய்யத் செய்யலாம். அவர் விரும்பினால் மட்டும். அதுவும் நினைவு தெளிவாக இருக்கும் நாளில், டாக்டர் சான்றோடு, பங்கில் சம்பந்தமில்லாத ஒருவர் எடுத்துச் சொல்லி, அவராகப் புரிந்து செய்ய வேண்டும். தெளிவான நாட்களே இல்லை என்ற நிலை வந்தால் அவர் சார்பில் கையெழுத்துப் போட நீதிமன்றம் மூலம் பாதுகாவலர் நியமிக்க வேண்டிவரும். அது இழுவை வேலை. பாகப்பிரிவினையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அண்ணனின் லீவைவிட இது பெரிய காரணம்.

"நகையோடு கணக்கு முடிந்தது" என்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கல்யாணத்தில் அத்தா போட்ட நகை அவர் உயிரோடு இருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு. நம் வாரிசுச் சட்டத்தில் அதைப் பங்கில் கழிக்கும் ஏற்பாடு இல்லை. அத்தா இருக்கும்போதே நீங்கள் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று வாயால் சொல்லியிருந்தாலும் செல்லாது, ஏனென்றால் அப்போது உங்களுக்கு விட்டுக்கொடுக்கப் பங்கு என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு. அப்படி எழுதிக் கொடுத்து, அதற்கென்று பணமோ சொத்தோ வாங்கி, அதை நம்பி மற்றவர்கள் நடந்துகொண்டிருந்தால், பின்னால் பங்கு கேட்கும்போது நீதிமன்றம் உங்களைத் தடுக்கலாம். அப்படி ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

"நஞ்சை ஆம்பளப் புள்ளைக்குத்தான்" என்ற பேச்சும் வரும், தயாராக இருங்கள். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருந்தது உண்மை. அந்த விலக்கைச் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டது. ஆகவே தஞ்சாவூர் மாவட்டத்தில் உங்கள் நஞ்சையில் உங்களுக்கு வீட்டில் உள்ள அதே 17 பங்கு உண்டு. நிலம் குத்தகையில் இருந்தால், பாகம் பிரிக்கும்வரை வரும் குத்தகை நெல்லும் அதே கணக்கில்தான் பிரிய வேண்டும்.

கடை விஷயம். ஹிபா என்றால் கொடுப்பவர் சொல்ல வேண்டும், வாங்குபவர் ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும். மூன்றும் நடந்தால் பத்திரப் பதிவு இல்லாமலேகூட முஸ்லிம்களிடையே அது செல்லும். துபாயில் இருந்த அண்ணன் கைக்குக் கடை எப்போது மாறியது? சாவி யாரிடம் இருந்தது, லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, கல்லாப் பணம் யாரிடம் போனது? இதைக் கேட்டாலே பாதி விடை வந்துவிடும். கைமாறியது என்றே வைத்துக்கொண்டாலும், பிழைக்கமாட்டோம் என்று தெரிந்த கடைசி நோயில் செய்த ஹிபா வஸிய்யத்தாகவே கணக்காகும். வாரிசுக்குச் செய்த வஸிய்யத் மற்ற வாரிசுகள், அவர் மௌத்துக்குப் பிறகு, ஒப்புக்கொண்டால்தான் செல்லும். நீங்கள் ஒப்புக்கொள்ளலாம், கொள்ளாமலும் இருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு அண்ணன் பக்கமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டு மாடி யார் பணத்தில் எழும்பியது? தங்கை படிப்புக்கு, அத்தா ஆஸ்பத்திரிச் செலவுக்கு யார் அனுப்பினார்கள்? டெல்டா முஸ்லிம் வீடுகள் பலவற்றில் மகன் சபுரிலிருந்து (வெளிநாட்டிலிருந்து) அனுப்பிய பணம் அத்தா பெயரில் உள்ள மனையில் சுவராக நிற்கிறது. யாரும் எழுதி வைப்பதில்லை. கூட்டுக் குடும்பச் சொத்து என்ற ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை, அதனால் மனை அத்தா பெயரில் இருந்தால் வீடு அத்தாவுடையதுதான். ஆனால் அண்ணன் கொடுத்தது கடனாகத்தான் என்று அவரால் காட்ட முடிந்தால் அதுவும் கடன் வரிசையில் வந்து நிற்கும். காட்ட முடியாவிட்டாலும், "நாப்பது டிகிரி வெயில்ல நான் நின்னது யாருக்காக" என்ற எண்ணம் அவருக்கு இருக்கும். விடுதலைப் பத்திரம் என்று அவர் கேட்பதற்குப் பின்னால் பெரும்பாலும் அதுதான் இருக்கும், பேராசை இருக்காது. அந்தக் கணக்கை நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள். "மாடிக்கு நீங்க போட்ட பணத்தைத் தனியா எடுத்து வச்சுடலாம் அண்ணே, மிச்சத்தை மார்க்கப்படி பிரிச்சுக்கலாம்" என்று தொடங்கினால் பேச்சின் போக்கே மாறும். அதன்பிறகு வீட்டை அவர் வைத்துக்கொண்டு உங்கள் பங்குக்கு ஈடான தொகையைக் கொடுப்பது போன்ற ஏற்பாடுகளும் செல்லும். தொகையைப் பத்திரத்தில் எழுதி, பேங்க் வழியாக வாங்குங்கள். கல்யாணச் செலவுக்கு ஈடாக என்று மட்டும் எழுத வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் செய்வது அவர் பிரியம், அதற்கு உங்கள் பங்கு விலையாகக் கூடாது.

இத்தா. குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் சொல்வது நான்கு மாதம் பத்து நாள். பிறைக் கணக்கு என்பதால் சுமார் 128 முதல் 130 நாள் வரும், சரியான நாளை ஹஜ்ரத்திடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அம்மா மறுமணம் செய்யக்கூடாது, அலங்காரம் கூடாது, தேவையில்லாமல் வெளியே போகக்கூடாது. அவ்வளவுதான். பேசக்கூடாது, கையெழுத்துப் போடக்கூடாது, தன் பங்கைக் கேட்கக்கூடாது என்று எங்கும் இல்லை. உங்கள் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு). கணவரை இழந்த பெண் அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே போய் இரவுக்கு வீடு திரும்ப அதில் இடமுண்டு. அம்மாவுக்கு அதுவும் தயக்கமாக இருந்தால் தக்க காரணம் காட்டி மனுக் கொடுத்து, கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. இத்தாவைக் காரணம் காட்டி அம்மாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஆண்கள் மட்டும் வாசலில் நாற்காலி போட்டுப் பாகம் பேசினால், அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தங்கையின் நிக்காஹைத் தள்ளிப்போட மார்க்கத்திலும் சட்டத்திலும் காரணம் எதுவும் இல்லை. இத்தா அம்மாவுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குத் துக்கம் மூன்று நாள். நிக்காஹை வீட்டிலோ தெருப் பள்ளிவாசலிலோ வைத்துக்கொண்டால் அம்மாவும் கூடவே இருக்கலாம், பட்டும் பூவும் வேண்டாம், அவ்வளவே. கருகமணியை யார் கட்டுவது, அம்மா முன்னே வரலாமா என்றெல்லாம் சில வீட்டில் கிளம்பும். பெற்ற தாய் இருக்கும்போது வேறு யாரையும் தேட வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். வலீயாக அண்ணன் நிற்பார். லீவு முடிந்து போய்விட்டால் அங்கிருந்தே ஒருவரைத் தன் சார்பில் நியமிக்கலாம். நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபு அதிகம், அங்கே வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை. ஹனஃபியில் வயது வந்த பெண்ணின் சம்மதமே அடிப்படை. எனவே வலீ விஷயத்தை வைத்துத் தங்கையின் கையெழுத்தை யாரும் வாங்க முடியாது.

25 பவுனுக்குப் பதில் சுருக்கமாகவே சொல்லலாம். அத்தா வாயால் சொன்ன பவுன் அத்தாவின் கடன் ஆகாது, சொத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவும் முடியாது. கேட்பது 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். மஹர் வரதட்சணையில் சேராது என்று அந்தச் சட்டமே தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது, அது மாப்பிள்ளை கொடுப்பது. "எங்க அத்தா மௌத்தாயிட்டாங்க, மார்க்கப்படி மஹர் கொடுத்து நிக்காஹ் செய்றீங்களா" என்று பெரியவர் ஒருவரை விட்டு நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கைக்கூலி (வரதட்சணை) வாங்கும் நிக்காஹுக்குத் தப்தர் தரமாட்டோம் என்று சொல்லும் ஜமாஅத்துகளும் இருக்கின்றன, உங்கள் ஜமாஅத்தையும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மாப்பிள்ளை வீட்டார் முகம் எப்படிப் போகிறது என்பதை நிக்காஹுக்கு முன்னால் தெரிந்துகொள்வது தங்கைக்கு நல்லது.

மஹரை எழுதும்போது அம்மாவின் தப்தர் அனுபவம் உங்களுக்கு உதவும். பவுனில் எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் மஜ்லிஸிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். தப்தர் மட்டும் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன் படி எல்லா மதத்தினரும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மாப்பிள்ளை வெளிநாடு என்றால் விசாவுக்கு அந்தச் சான்றிதழ்தான் கேட்பார்கள்.

சுன்னத்துக்கும் இத்தாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒஸ்தா (சுன்னத் செய்பவர்) வீட்டுக்கு வந்த காலத்தில் பந்தலும் குதிரை ஊர்வலமும் இருந்தன. இப்போது ஆஸ்பத்திரியில் காலையில் போய் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். பள்ளிக்கூட விடுமுறையில் செய்துவிடுங்கள். விருந்து வேண்டுமானால் பின்னால் எப்போதாவது.

அண்ணனின் லீவு முடிவதற்குள் பத்திரம் முழுவதும் முடியாது, அதற்காக அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் இங்கே இருக்கும்போதே ஐந்து பேரின் பங்கு, அம்மாவின் மஹர், மாடிக்கு அவர் போட்ட பணம், மற்றக் கடன்கள் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, எல்லோரும் படித்துப் பார்க்கட்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அது வந்த பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதலாம், குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை குறைவுதான். அண்ணன் துபாயில் இருந்தால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பவர் யார் பெயருக்கு என்பதை மட்டும் அவர் விமானம் ஏறும் முன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பெரியத்தா பெயருக்கு வேண்டாம். அம்மா பெயருக்கே எழுதலாம், இத்தா அதற்குத் தடையில்லை.